சிரிக்காத ஆபீசர்

சமையலறைக் குழாய்க்கு உடைய வேறு நாளே கிடைக்கவில்லை.

"கை வைக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!" என்றாள் மனைவி. பீய்ச்சுகிற தண்ணீரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரி செய்கிறேன் என்று முறுக்கி, பிடியைத் தனியாகக் கழற்றி எடுத்திருந்தார் கணவர்.

"ரிப்பேருக்குச் சொல்லியாச்சு, வருவாங்க. கத்தாதே. ஆபீசர் வர்ற நேரம்."

கணவருக்குத் தொழில் கோமாளி வேலை. கடல் கடந்து வந்து, சர்க்கஸில் உதைபட்டு, கப்பலில் கரணம் போட்டு, இப்போது ஒரு காபரே விடுதியில் நடனக்காரிகள் உடை மாற்றும் இடைவெளியில் பாவாடை கட்டிக்கொண்டு பாடுகிறார். மேடையில் ஏறினால் கூட்டம் வயிறு வலிக்கச் சிரிக்கும். வீட்டில் எப்போதும் கடுகடு. வினை அங்கேதான் வந்தது. வேலை அனுமதியைப் புதுப்பிக்கப் போன இடத்தில், அவர் மூஞ்சியைப் பார்த்து, "இவரா கோமாளி?" என்று சந்தேகப்பட்டுவிட்டார்கள். வீட்டுக்கே ஆள் அனுப்பிச் சோதிப்பார்களாம். தேறாவிட்டால் குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் கறுப்புப் பையோடு ஒருவர். மடிப்புக் கலையாத சட்டை, உப்பிய கன்னம், இறுக மூடிய வாய்.

சந்தேகமே இல்லை, ஆபீசர்தான். இப்படி ஒரு மூஞ்சி அரசாங்கத்தில் மட்டுமே கிடைக்கும்.

"உட்காருங்க சார்! நீங்க ஒண்ணும் பேசவே வேணாம்!"

கோமாளி சிவப்பு மூக்கை மாட்டிக்கொண்டு மூன்று பீங்கான் கோப்பைகளைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். ஈரக் கை. மூன்றும் விழுந்து உடைந்தன. வந்தவர் எழுந்தார். கோமாளி அவரைத் தோளில் அழுத்தி மறுபடி உட்கார வைத்தார்.

மறுபடியும் மணி. மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸுமாக ஒரு பெண்மணி.

"நான் வந்து..."

"தெரியும்மா! வர்ற நேரமா இது? உள்ளே போங்க, வீடே மிதக்குது!"

சமையலறையில் மனைவி அவரைப் பேசவே விடவில்லை. "முதல்ல இதைப் பிடிங்க!" என்று குழாயை ஒப்படைத்துவிட்டு, கணவருக்குப் பாவாடை எடுக்க ஓடினாள்.

கோமாளி பாவாடை கட்டி, பெண் குரலில் காதல் பாட்டுப் பாடி, நாற்காலியோடு பின்னால் கவிழ்ந்தார். நாற்காலிக் கால் முறிந்தது. ஆபீசர் உதடு அசையவில்லை. விரலை நீட்டிச் சமையலறையைக் காட்டினார்.

"அது வேலைக்கு வந்த ஆளு சார். நீங்க இங்க பாருங்க!"

அதற்குள் தண்ணீர் கூடத்துக்கே வந்துவிட்டது. அடுத்த அடியில் கோமாளி நிஜமாகவே வழுக்கி, நிஜமாகவே இடுப்பில் அடிபட்டு, "ஐயோ!" என்று அலறினார். கல்யாணமான நாள் முதல் சிரிக்காத மனைவியே சிரித்துவிட்டாள். ஆபீசர் மட்டும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

இந்த வயிற்றெரிச்சலில் சமையலறையிலிருந்து குரல் வேறு. "யாராவது வாங்களேன்! எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை!"

கோமாளிக்குப் பொறுமை போய்விட்டது.

"பழக்கமில்லாதவங்க எதுக்கும்மா தொழிலுக்கு வர்றீங்க? உங்களை மாதிரி ஆளுங்களைத்தான் முதல்ல நாட்டை விட்டே அனுப்பணும்!"

உள்ளே சத்தம் அடங்கியது. ஆபீசர் முன்னால் கண்டிப்பாக நடந்துகொண்ட திருப்தியோடு கோமாளி திரும்பினார்.

ஆபீசர் மெல்லப் பையைத் திறந்தார். கோமாளி எட்டிப் பார்த்தார். முத்திரைதான், அனுமதிதான்!

வெளியே வந்தது பெரிய ஸ்பேனர். பிறகு வாயிலிருந்து ரத்தப் பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அவர் குழறினார்:

"இப்பதான் பல்லு பிடுங்கிட்டு வர்றேன், பேச முடியலை... குழாய்க்காரன் நான் சார், உள்ளே நனைஞ்சுகிட்டு நிக்கிற அம்மா யாரு?"