சடையாண்டி எருமைக்கு நீர்க்காவலர் விருது கிடைத்த கதை

ஒரு காட்டில், மரங்கள் முடிந்து சோள வயல் தொடங்கும் சரிவில், சடையாண்டி என்ற எருமை விவசாயம் செய்துவந்தது. செய்துவந்தது என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஏதோ உழுது விதைப்பதோடு அதன் வேலை தீர்ந்தது. மீதியை வெயிலும் மழையும் பார்த்துக்கொள்ளும்.

பக்கத்து வயல் துரைக்கண்ணு என்ற முயலுடையது. முயல் கோழி கூவுமுன் எழுந்து, மேட்டிலிருந்து ஓடைக்கரை வரைக்கும் நூல் பிடித்தாற்போல் உழும். மேகம் கறுத்தால் போதும், யூரியா மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிடும். "பொழப்புன்னா அது பொழப்பு!" என்று காடே முயலைப் புகழ்ந்தது. சடையாண்டியைப் பார்த்தால் உச்சுக்கொட்டியது. எருமை மேல் மழை பெய்த மாதிரி அது படுத்திருந்தாலும், உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது.

சரிவின் அடியில் ஒரு குளம். இரண்டு வருடமாக அதில் பாசி மண்டி, தண்ணீர் சாயத்தொட்டி போலாகிவிட்டது. கெண்டை மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. மீன் செத்தால் நீர்நாய்க்கு ஏது சோறு? அந்தக் குளத்தில் குடியிருந்த பூங்கயல் என்ற நீர்நாய் கொஞ்சம் படிப்பறிவு உள்ளது. பாசிக்குத் தீனி உரம்தான் என்று சந்தேகித்து, வயலுக்குப் போடும் உரம் எவ்வளவு மழையோடு குளத்துக்கு வருகிறது என்று ஆராயப் புறப்பட்டது. மழை பெய்யும்போதெல்லாம் ஒவ்வொரு வயலின் அடியிலும் ஒரு பாட்டிலை வைத்து, வழிந்துவரும் தண்ணீரைப் பிடித்தது.

நான்கு மழை முடிந்தது. எல்லாப் பாட்டிலும் கலங்கலாக இருக்க, சடையாண்டி வயல் பாட்டில் மட்டும் இளநீர் மாதிரி தெளிந்திருந்தது. பூங்கயல் நாற்பத்தெட்டுக் கேள்விகள் கொண்ட படிவத்தோடு ஓடிவந்தது.

"சடையண்ணே, கரையோரம் பத்தடிக்கு உழாம புல்லா விட்டிருக்கீங்களே, ஏன்?"

"அங்க இறங்கினா திரும்ப ஏறணுமே, தாயி."

பூங்கயல் எழுதிக்கொண்டது: 'உரத்தை வடிகட்டும் புல்வேலி.'

"சரிவுக்குக் குறுக்கே உழுதிருக்கீங்க?"

"மேடு ஏறினா மூச்சு வாங்குது."

'மண்ணரிப்பைத் தடுக்கும் குறுக்குழவு.'

"அறுத்த சோளத் தட்டையெல்லாம் வயல்லயே கிடக்கு?"

"அதை யாரு தூக்குறது?"

'மண்ணை மூடிக் காக்கும் மூடாக்கு' என்று எழுதிய நீர்நாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, உங்க வயல்ல இருந்து பாசியை வளர்க்கிற தழைச்சத்தும் மணிச்சத்தும் குளத்துக்கு வர்றதே இல்ல. எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா இந்தக் குளம் பிழைச்சிடும்!"

தன்னை மாதிரி எல்லாரும் இருக்க வேண்டும் என்று ஒருவர் சொல்லி சடையாண்டி அதுவரை கேட்டதில்லை. அன்று அது இருமுறை எழுந்து நின்று பார்த்தது.

அறிக்கை சிங்கராஜாவிடம் போனது. 'நீர்க்காவலர் விருது, வழங்கும் இடம்: மேற்படி எருமையின் வயல், நாள்: வருகிற பௌர்ணமி' என்று கடிதம் வந்தது. அறிக்கைக்கு முத்திரை வாங்கப் போன பூங்கயல், அரண்மனை வரிசையில் ஒன்பது நாள் நின்றது.

இங்கே சடையாண்டிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வயலைச் சுற்றிவந்து பார்த்தது. ஒரே புல். ஒரே குப்பை. கோணல்மாணலாக உழவுச் சால்.

"ராஜா வந்து பார்க்கிற வயலா இது?" என்று வெட்கப்பட்டது. "துரைக்கண்ணு, மண்வெட்டி இருந்தா கொடுப்பா."

முயல் பதறிப்போய், "உனக்கா?" என்றது.

பிறந்ததிலிருந்து செய்யாத வேலையைச் சடையாண்டி எட்டு நாளில் செய்தது. கரையோரப் புல்லை வேரோடு பிடுங்கி, அந்த இடத்தில் பந்தல் கால் நட்டது. தட்டையைக் கூட்டிக் கொளுத்தியது. மேட்டிலிருந்து ஓடை வரை நேர்க்கோடாக உழுதது. போட்டோவில் பயிர் பச்சையாகத் தெரியவேண்டும் என்று மூன்று மூட்டை யூரியாவைக் கொட்டியது. ஊரே கூடிக் கைதட்டியது. "விருது மனுஷனை மாத்திடும்னு சொல்வாங்க, எருமையையும் மாத்துது பார்!" என்றது ஒரு மைனா.

பௌர்ணமியன்று காலையில் சிங்கராஜா பந்தலில் உட்கார்ந்த வேளை பார்த்து மழை கொட்டியது. மண்ணும் யூரியாவும் பந்தல் காலும் ஒன்றாகச் சேர்ந்து ஓடையில் இறங்கின. ராஜா அவசரமாக விருதைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியது. மூன்றே நாளில் குளம் முழுக்கப் பச்சைக் கூழ். முத்திரையோடு திரும்பிய பூங்கயல் சடையாண்டியைக் குளக்கரைக்கு அழைத்துப்போய்க் காட்டியது. நூறு கெண்டைகள் வாயைப் பிளந்து மிதந்தன. எருமை பூங்கயலையும் அழைத்துக்கொண்டு அரண்மனைக்கு ஓடியது.

"ராஜா, இந்த விருதைத் திருப்பி எடுத்துக்குங்க."

"சான்றிதழ் அச்சாகிவிட்டது. திருப்பி எடுக்கப் படிவம் கிடையாது" என்றது சிங்கம்.

"இப்ப நான் என்ன செய்யணும், தாயி?" என்று பூங்கயலிடம் கேட்டது எருமை.

"ஒண்ணும் செய்யாதீங்க அண்ணே. முன்ன மாதிரி படுத்திருங்க."

"அதான் முடியலையே!" என்று சடையாண்டி அழுதது. "வேலை ருசி கண்டுட்டேன். காலையில மண்வெட்டியைப் பார்த்தா கால் பரபரங்குது."

பூங்கயல் ஓர் இரவு முழுக்க யோசித்தது. பிறகு எட்டுக் காடுகளுக்குக் கடிதம் எழுதியது. 'விருது பெற்ற விவசாயி சடையாண்டி அவர்கள் நீர்வளம் காப்பது பற்றி உரையாற்றுவார். தங்குமிடமும் தவிடும் தந்தால் போதும்.'

அடுத்த ஒரு வருடம் எருமை மேடை மேடையாகப் பேசியது. ஒவ்வொரு உரையும் மூன்று மணி நேரம். ஆள் இல்லாத அதன் வயலில் புல் இடுப்புயரம் வளர்ந்தது. உரையைக் கேட்கப் போன முயலும் மற்றவர்களும் பாதியிலேயே தூங்கி, மறுநாள்தான் வீடு திரும்பினார்கள்; கரை வரைக்கும் உழ யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. மறுவருட மழைக்குள் குளத்தின் அடிமணல் தெரிந்தது. பூங்கயல் பெருத்த கெண்டையாகப் பார்த்து ஒன்றைப் பிடித்துத் தின்றுவிட்டு, இரண்டாவது அறிக்கையை எழுத உட்கார்ந்தது.

நீதி: சும்மா இருப்பவரைப் பாராட்டாதீர்கள், வேலை செய்யத் தொடங்கிவிடுவார். தவறிப் பாராட்டிவிட்டால், உடனே மைக்கைக் கையில் கொடுத்துவிடுங்கள்.