கல்லுக்குப் பீடம் போடுகிறவர்

கல்யாணப் பந்தியில் இலை கோணலாக இருக்கிறது என்று எழுந்து, தன் இலையோடு பக்கத்து இலைகளையும் நேராக்கிவிட்டு, சாம்பார் வாளி தாண்டிப் போனபிறகு உட்காருகிற ஒருவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாவம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் தனி இனம். நான் வைத்திருக்கும் பெயர் பீடக்காரர். சாமி வருமுன்னே பீடம் போட ஆரம்பிப்பார். சாமி வந்து, நின்று, கால் வலித்து வேறு கோயிலுக்குப் போய்விடும். இவர் இன்னும் மூலைமட்டம் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் உறவிலும் ஒருவர் உண்டு. ஆதிநாராயணன், என் சின்னம்மா மகள் பச்சையம்மாளின் வீட்டுக்காரர். திருச்சானூரில் சொந்த வீடு. குணம் ஒன்றும் புதிதில்லை. வெதுருகுப்பத்தில் அவருடைய நைனா, மாடு வாங்கவேண்டும் என்று கொட்டகை கட்ட ஆரம்பித்தார். கொட்டகை முடிவதற்குள் ஊருக்கு டிராக்டர் வந்துவிட்டது. அவர் பெரியப்பா, பெண் பார்க்கப் போக நல்ல செருப்பு தேடித் தேடியே கடைசிவரை தனிக்கட்டையாகப் போனார். ரத்தத்தில் வருவதை யார் தடுப்பது?

சலூன் பிளேடு தோலை அறுக்கிறது என்று ஒருநாள் ஆதிநாராயணனுக்குக் கோபம் வந்தது. போனில் யாரோ ஒருவர் மடக்குக் கத்தியால் வழவழவென்று சிரைத்துக்கொள்வதைப் பார்த்தார். அதே மாதிரி ஒரு சவரக்கத்தியும் தீட்டுக்கல்லும் வரவழைத்தார். இனி என் முகத்தில் என் கத்திதான் என்று சபதம் வேறு. சரி, கல்லை வைத்துக் கத்தியைத் தீட்டிச் சிரைக்கவேண்டியதுதானே? அது நீங்களும் நானும் செய்வது.

"கல்லு ஒரு நூல் ஆடிச்சினா கத்தி வாய் கோணிப்பூடும், தெரிமா மச்சான்?" என்றார் என்னிடம்.

முதலில் ஈரத்துணிமேல் வைத்தார். துணி நகர்ந்தது. சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டார். ரப்பர் அமுங்கி அமுங்கி எழுந்தது. பலகை போட்டார், தண்ணீர் பட்டுப் பலகை வளைந்தது. வளையாத மரம் எது என்று தச்சரைக் கேட்டார்.

"செம்மரம்தான் சார். கல்லு ஆடாது. நீங்கதான் போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்துக்கினு ஆடுவீங்க."

சித்தூருக்குப் போய், கிரானைட் பட்டறையில் கழித்துப்போட்ட துண்டு ஒன்றைப் பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். அதன்மேல் கல் உட்காரப் பள்ளம் வெட்டி, இரண்டு ஓரமும் கட்டை கொடுத்து, அடியில் திருகுகால்கள் பொருத்தி, கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி வைத்துப் பார்த்தால், குமிழி நடுவில் நிற்கவில்லை. ஆக, வீட்டுத் தரையே சரியில்லை! சமையலறை டைல்ஸ் பெயர்ந்தது. பச்சையம்மாள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

தாடி மட்டும் பீடம் கேட்காமல் வளர்ந்தது.

அந்த நேரம் பார்த்து மகள் ரூபாவுக்கு நகரியில் வரன் அமைந்தது. பையன் தனசேகர், ஸ்ரீசிட்டியில் வேலை. இருவருக்கும் பிடித்துப்போயிற்று, நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிப்பதுதான் பாக்கி. குறிக்க வந்த பையனின் அப்பா வேங்கடாசலம், வாசலிலேயே நின்று தாடியைப் பார்த்தார். ஏழுமலையான் காலடியில் குடியிருக்கிறவன் நெஞ்சுவரை தாடி விட்டால் என்ன தோன்றும்?

"இன்னா சம்பந்தி, மலைக்கு வேண்டுதலா?"

கல் இன்னும் ஆடுகிறது என்று எந்த மனிதன் சம்பந்தியிடம் சொல்வான்? ஆதிநாராயணன் 'ஆமாம்' என்று தலையசைத்தார்.

"வேண்டுதல் பாக்கி கீறப்போ நல்ல காரியம் பேசக்கூடாதுங்க. முடி குட்த்துட்டு சொல்லுங்க, மறுநாளே வர்றோம்" என்று காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"நாளைக்கே மலைக்குப் போய்ட்டு வா நைனா" என்றாள் ரூபா.

"வெள்ளிக்கெழம கல்லு சரியாய்டும்மா. இத்த முட்ச்சிட்டுப் போறேன்."

வெள்ளி வந்தது, போனது. அடுத்த வெள்ளியும் அப்படியே. பீடக்காரர்களின் பஞ்சாங்கத்தில் எல்லாக் காரியமும் வெள்ளிக்கிழமை முடியும். எந்த வெள்ளி என்று மட்டும் கேட்கக்கூடாது. தனசேகர் போனில் பேசுவது குறைந்தது. அவன் வீட்டில் புத்தூர்ப் பெண் ஒருத்தியின் போட்டோ பார்க்கிறார்களாம். ரூபா சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசியில் ஒரு காலை, குமிழி நடுவில் நின்றது. கல் இம்மியும் அசையவில்லை. ஆதிநாராயணன் கத்தியைத் தீட்டித் தாடியில் ஒரு முடியைப் பிடுங்கிக் கத்தியின் வாயில் வைத்தார், துண்டாகி விழுந்தது. அகமகிழ்ந்து நுரை குழைத்து முகத்தில் பூசினார். பச்சையம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"இன்னாயா பண்றே? அது உன் தாடியா?"

"பின்ன யார்துடி?"

"சம்பந்தி எதுர்ல தலையாட்னியே, அப்பவே அது பெருமாளுது. சாமி சொத்துல கைவச்சிட்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிப்பியா?"

நுரையைத் துடைத்துக்கொண்டு அன்றே மலையேறினார். முடி இறக்கும் கல்யாணகட்டாவில் குனிந்தார், நாலு இழுப்பில் தலை, தாடி, மீசை எல்லாம் போயிற்று. தரை ஒரு பக்கம் சரிவாக இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தவரை, பின்னால் நின்ற கூட்டம் எழுப்பிவிட்டது.

சொன்ன சொல் தவறாமல் நகரிக்காரர்கள் மறுநாளே வந்து நாள் குறித்தார்கள். நிச்சயதார்த்தத்தன்று மொட்டையில் சந்தனத்தோடு ஆதிநாராயணன் உட்கார்ந்திருந்தார். பச்சையம்மாள் குத்துவிளக்கை அந்தக் கிரானைட் பீடத்தின்மேலேயே வைத்திருந்தாள். அவ்வளவு ஆடாத இடம் அந்த வீட்டில் வேறு எது? நல்ல நேரம் முடியப்போகிறது, தட்டு மாற்றலாம் என்றார் புரோகிதர். எல்லோரும் எழுந்தார்கள். வேங்கடாசலம் மட்டும் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, இந்தாண்ட ஒரு நூல் தாழ்ந்தாப்ல கீதே?"

"எனக்கும் சந்தேகம்தான்! இருங்க, ரசமட்டம் எட்த்தாறேன்."

ரூபாவும் தனசேகரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பையனின் அம்மா ரத்னம்மா பெருமூச்சு விட்டாள்.

"இந்த ஆளுங்களுக்காகக் காத்துக்கினு இருந்தா நம்ம புள்ளைங்களுக்குத் தலை நரைச்சிடும் அண்ணி. புடிங்க தட்ட."

அம்மாக்கள் இருவரும் தட்டை மாற்றிக்கொண்டார்கள். விளக்கு ஆடவில்லை. சம்பந்திகள் நிமிர்ந்தபோது பந்தியில் சாம்பார் போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய் உட்கார்ந்தவர்கள், முதலில் இலையை நேராக்கினார்கள்.

சிரிக்கிறீர்களா? இதைப் படிக்க உட்காருமுன் கண்ணாடியைத் துடைத்து, மின்விசிறியைக் குறைத்து, முதுகுக்குத் தலையணை வைத்து, அது உயரம் போதாது என்று இன்னொன்று எடுக்க எழுந்து போனது யார்? நானா? எதற்கும் ஒருமுறை உங்கள் தாடையைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.