இருபது கிலோ துக்கம்

தராசார் கை வைத்தால் துக்கம் இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பதைச் சிவப்பு எழுத்தில் காட்டியும் விடுவார். மற்ற தலைவர்கள் எதற்கும் கணக்குக் காட்டுவதில்லை.

ஒரு காலத்தில் தெருத் தெருவாகத் தராசு விற்றவர். பிறகு தராசுத் தொழிற்சாலை வைத்தார். பிறகு மாநிலத்துக்கென்று ஒரு கட்சி வைத்தார். சின்னம் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு தேர்தலில் தோற்றதும் ஞானம் பிறந்தது. மேடையில் மின்தராசு ஒன்றைப் போட்டார். துக்கப்பட்டவர் ஏறி நிற்க, தலைவர் தலையில் கை வைப்பார். இரண்டு கிலோ குறையும். "இனி உங்க துக்கம் என் துக்கம்!" என்பார். மைதானத்தில் எள் போட இடமில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. துக்கம் ஒட்டியிருக்கும் பொருளைக் கட்சி அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் துக்கம் திரும்ப ஏறிக்கொள்ளுமாம். செத்தவர்களின் வளையல், வண்டி, வீட்டுமனை எல்லாம் தலைவரிடம் போய்ச் சேர்ந்தன. கிழிந்த செருப்பில் துக்கம் ஒட்டியதாக மட்டும் தகவல் இல்லை.

பார்சல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அந்தப் பட்டதாரிக்கு மனைவி இறந்து சில மாதங்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வான். அவனுடைய மாமியார் ஒருநாள் மேடையேறி இறங்கினார். மகள் போன பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார். மறுநாள் அவன் அவரைத் தன் பார்சல் அலுவலகத் தராசில் நிற்க வைத்தான். மேடையில் தலைவர் கை வைக்கும் முன் காட்டிய அதே எடை.

"ஒண்ணும் குறையலையே அத்தை."

"ராத்திரியே திரும்பி வந்துடுச்சு மாப்பிள்ளை. அவ தையல் மெஷின் இன்னும் வீட்லதானே இருக்கு? அதைக் கொடுத்துட்டாச் சரியாப் போயிடும்."

வீட்டில் அந்த மெஷினின் ஊசிக்கடியில் பாதி தைத்த தலையணை உறை கிடந்தது. நூலைக்கூட அவன் இன்னும் அறுக்கவில்லை.

"சரி அத்தை. தலைவரே எடை போடட்டும்."

அடுத்த கூட்டத்தில், மெஷின் உறை போர்த்திய ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து தராசில் வைத்தான். இருபது காட்டியது.

"என் மனைவியோட மெஷின் ஐயா. அவ போனதுலேருந்து இதுவும் வாயே திறக்கலை."

கூட்டம் உச்சுக்கொட்டியது. தராசார் கண்ணை மூடிக் கை வைத்தார். வலது செருப்பு கம்பளத்தின் ஓரத்தை மெல்ல அழுத்தியது. இருபது, பதினெட்டாயிற்று.

"இரும்பும் அழுதிருக்கு, பாருங்க!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவன் உறையை உருவினான். உள்ளே மெஷின் இல்லை. இருபது கிலோ எடைக்கல். தராசாரின் தொழிற்சாலை முத்திரை பளிச்சென்று தெரிந்தது.

"வெங்காயக் கடையிலே இரவல் வாங்கினேன். இதுக்கு யாரு செத்துப் போனாங்க ஐயா?"

யாரோ சிரித்தார். தராசார் அசரவில்லை. "கல்லுக்கும் மனசு உண்டு!" என்றார். அதற்கும் சிலர் கை தட்டினார்கள்.

முன்வரிசையிலிருந்து வெங்காயக் கடைக்காரர் எழுந்தார். கட்சிக்குக் கொடி பிடித்தவர்.

"இருங்க தலைவரே. கல்லு சரின்னா தராசு பொய். தராசு சரின்னா கல்லு பொய். ரெண்டையும் உங்ககிட்டத்தான் வாங்கினேன். என் கடையிலே எது பொய்?"

துக்கத்தில் ஏமாந்தபோது வராத ரோஷம் வெங்காயத்தில் வந்தது. மளிகைக்காரர்கள் மேடையேறினார்கள். கம்பளத்தைச் சுருட்டினால், அடியில் ஒரு பொத்தான். அதிலிருந்து தராசுக்கு ஓர் ஒயர். தராசார் அன்று அதற்குமேல் யார் துக்கத்தையும் ஏற்காமல் காரில் ஏறினார்.

திரும்பும் வழியில் அத்தை கேட்டார். "அப்போ என் துக்கம்?"

"அப்படியேதான் இருக்கு அத்தை. எனக்கும்."

"மெஷின்?"

"அதுவும் இருக்கு."

அத்தை நடையை எட்டிப் போட்டார். "அந்தத் தலையணை உறையை நான் தைச்சு முடிக்கிறேன்" என்றார்.

மறுநாள் ஊரிலுள்ள கடைத் தராசுகளையெல்லாம் சோதித்தார்கள். நல்ல காரியம். வெங்காயத்தையே அழுத்திப் பார்த்து வாங்குகிற மக்களே, தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறீர்கள்?