கரைக்குப் போனவர் சட்டையில் கறை இல்லை

ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வதில்லை என்பது மோட்டார்க்காரரின் வாழ்க்கை லட்சியம். நூல் ஆலையில் ஆறு நாள் பம்பு மோட்டாரோடு மல்லுக்கட்டியவர், ஏழாம் நாள் மனைவியிடம் மாட்டினால் ஒட்டடை அடிக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஆலை நிர்வாகம், குடியிருப்புக்குப் பின்னால் நாறிக் கிடந்த குளத்தைத் தத்தெடுத்தது. ஞாயிறுதோறும் காலையில் விருப்பமுள்ள தொழிலாளர்கள் வந்து சுத்தம் செய்யலாம் என்று அறிவிப்பு. மோட்டார்க்காரருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஆலையில் முதுகுவலி என்றார். வீட்டில் குளத்து வேலை என்றார். ஆறு மணிக்குக் கிளம்பி, தையற்காரர் கடையின் பின்னறையில் கேரம் ஆடிவிட்டு மதியம் திரும்பினார்.

"அப்பாடா! களை எடுத்த களைப்பு!"

"பாவம்ங்க. ஆனா கரைக்குப் போயிட்டு வர்றீங்க, சட்டையில ஒரு கறைகூட இல்லையே?"

"நான் மேற்பார்வை!"

"விரல்ல மட்டும் வெள்ளையா பவுடர்?"

"அது... கொசு வராம இருக்க."

அவள் தலையாட்டினாள். அதோடு விட்டுவிட்டாள். பெண்டாட்டி விட்டுவிட்டால் பயப்பட வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

நாலு மாதம் ஓடியது. திறப்பு நாளுக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லி அழைப்பு வந்தது. தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, 'அந்தப் படித்துறை நான் சொல்லித்தான் கட்டினாங்க' என்ற வசனத்தை மனப்பாடம் செய்தபடி மனைவியோடு போனார்.

மேட்டில் ஏறியதும் வசனம் மறந்துபோனது.

மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிய சாக்கடையைக் காணோம். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். வானம் முழுசாக இறங்கி அதில் படுத்திருந்தது. நடுத்திட்டில் நூறு கொக்குகள் ஒற்றைக்காலில் நின்றன. ஒரு மீன் துள்ளியது. வட்டம் விரிந்து விரிந்து அவர் காலடிக்கே வந்தது. மனுஷக் கையா இதைச் செய்தது?

"ஏய்... இது நம்ம குளமா?"

"நாலு மாசமா மேற்பார்வை பார்த்தவர் கேக்குற கேள்வியா இது?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளோ தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணாவது வாரம் இடுப்பளவு சேத்துல நிக்கிறோம். காலடியில ஜில்லுனு ஏதோ குத்துச்சு. தோண்டினா ஊத்து! எத்தனை வருஷமா அடைஞ்சு கிடந்துச்சோ. ஆளாளுக்கு அள்ளி மூஞ்சில அடிச்சுக்கிட்டோம்."

"நிக்கிறோமா? நீ எப்படி?"

"உங்களுக்கு முதுகுவலின்னு ஆலையில சொன்னாங்க. பதிலுக்கு நான் வந்தேன். ஆறரைக்கு வந்து பதினொண்ணுக்குத் திரும்பிடுவேன்."

"அக்கா வந்தாச்சு!" என்று கரையெல்லாம் குரல். ஆலைத் தொழிலாளர்கள், காவலாளி, மேலாளர் வரை எழுந்து நின்றார்கள். இருபது வருஷமாகத் தன்னோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவளை மோட்டார்க்காரர் முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். வெட்கமும் பெருமையும் சேர்ந்து பிடுங்கின.

மேலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "கரையில முந்நூறு கன்று நட்டிருக்கோம். மூணு வருஷம் ஞாயிறுதோறும் விடியக்காலையில தண்ணி சுமந்து ஊத்த ஒருத்தரை அக்கா மனமுவந்து குடுத்திருக்காங்க!"

எல்லோரையும் முந்திக்கொண்டு, உள்ளங்கை சிவக்கத் தட்டியவர் மோட்டார்க்காரர்தான். பெயரை அதற்கப்புறம்தான் சொன்னார்கள்.