பிலிம் காக்காவின் முப்பத்தாறாவது படம்

கல்முனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும், தான் எடுத்த படத்தை உடனே பார்ப்பது பெரிய பாவம் என்று நம்பிய ஒரே மனிதர் பிலிம் காக்காதான். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் ஊரே அண்ணன் முறையில் காக்கா என்று அழைத்ததால் பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டு நானும் அப்படியே அழைத்தேன்.

அவருடைய தொழில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை. எந்த இயந்திரத்துக்கு எந்தப் போல்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவார். அதே மனிதர் தன் போனுக்கு ஒரு கமரா ஆப் தெரிவு செய்ய ஏழு மாதம் எடுத்துக்கொண்டார். பழைய பிலிமில் எடுத்த மாதிரிப் படம் வரவேண்டும் என்பதே அவர் தேவை.

"போன்ல எடுக்கிற படமெல்லாம் போஸ்ட்மோட்டம் ரிப்போட் மாதிரி, சேர். மனிசன்ட முகத்துல ஒரு புள்ளியக்கூட விடுதில்ல. பிலிமுக்கு மரியாத தெரியும்."

முப்பத்துநான்கு வருடம் அரச நிர்வாகத்தில் இருந்த குற்றத்துக்காக என்னிடம் ஆலோசனை கேட்டார். அரசாங்கம் பொருள் வாங்கும் கேள்விப்பத்திர (டெண்டர்) நடைமுறையை விளக்கினேன்: நிபந்தனைகளை முதலில் எழுது, எல்லோருக்கும் ஒரே பரீட்சை வை, புள்ளி போடு. வேடிக்கையாகத்தான் சொன்னேன். மறுநாளே கோடு போட்ட கொப்பியோடு வந்து நின்றார். நிறம், மணல் தெறித்தாற்போன்ற பொடி, மூலையில் கசியும் வெளிச்சம், நடுவில் விளம்பரம் வந்து கழுத்தறுக்கிறதா இல்லையா என்று தனித்தனிப் பத்தி. ஒரே பரீட்சைக்கு ஒரே பொருள் வேண்டுமே? என் வழுக்கைத் தலையைத் தெரிவு செய்தார்.

"வெளிச்சம் எங்க ஏறி எங்க இறங்குது எண்டு பாக்க இதவிட நல்ல இடம் இந்த டவுன்லயே இல்ல, சேர்."

இருபத்துமூன்று செயலிகளுக்கு என் தலை உட்கார்ந்தது. ஒன்றில் எனக்கு மஞ்சள் காமாலை. ஒன்றில் பாசி பிடித்த குளக்கட்டு நிறம். இன்னொன்றில் இடது காதில் தீப்பற்றியிருந்தது. அதற்குத்தான் அவர் அதிக புள்ளி போட்டார்.

இதற்கிடையில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றும் போனில் ஏறியது. அது பிலிம் கமராவுக்கு உரியது. அவருடைய பழைய கமராவுக்கு இங்கே பிலிம் கிடைக்காது. அதனால் என்ன? தேநீர்க் கடைக்குள் நுழைந்ததும் போனை உயர்த்தி ஒவ்வொரு மேசையாக அளப்பார். "இஞ்ச வெளிச்சம் காணா" என்று அடுத்த மேசைக்குப் போவார். சுகாதாரப் பரிசோதகரின் ஆள் என்று பயந்து, கடைக்காரர் எங்களுக்கு மட்டும் கோப்பையை இரண்டு தரம் கழுவித் தந்தார். அந்தச் செயலியைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன்.

கடைசியில் வென்ற செயலி அசல் பிலிம் போலவே நடந்துகொண்டது. ஒரு றோலுக்கு முப்பத்தாறு படம். எடுத்ததைப் பார்க்க முடியாது, அழிக்க முடியாது, அனுப்ப முடியாது. முப்பத்தாறும் முடிந்த பிறகு, 'கழுவ' மூன்று நாள்.

அப்போதுதான் அவருடைய அக்காவின், அதாவது ராத்தாவின், மகள் ரிஸ்னாவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. ஞாயிறு கல்யாணம், வியாழன் அஸர் தொழுகை முடிய வேனில் விமான நிலையம். போனவுடன் மனைவியை அழைக்க விண்ணப்பம் போடவேண்டும். அதற்கு இருவரும் சேர்ந்திருக்கும் கல்யாணப் படம் கட்டாயம். தவறினால் அவருக்கு அடுத்த லீவு வரும்வரை பெண் இங்கேதான்.

மாப்பிள்ளையின் தாய் ஒரு நிபந்தனை போட்டார். "பொம்புளப் பக்கம் ஒரு போனும் வரப்படா. நாளைக்கே பேஸ்புக்ல கிடக்கும்." வாசலில் ரைஸ் குக்கர் பெட்டி ஒன்றை வைத்து எல்லாப் போனையும் வாங்கிப் போட்டார்கள். கூலிக்கு வந்த படக்காரர் ஆண்கள் பக்கத்தோடு நிறுத்தப்பட்டார்.

"அப்ப புள்ளைய ஆரு எடுக்கிற?" என்று ராத்தா கேட்டார்.

காக்கா தன் செயலியின் குணங்களை விளக்கினார். பெண்ணின் சொந்த மாமா. பார்க்கவும் ஏலாத, அனுப்பவும் ஏலாத கமரா. மாப்பிள்ளையின் தாய்க்கு உச்சி குளிர்ந்தது. "இதுதான் ஹயா உள்ள, வெக்கம் தெரிஞ்ச போன்!" என்றார்.

திங்கள் பகல் நான் விருந்துக்குப் போனபோது வீடு கொந்தளித்துக்கொண்டிருந்தது. காக்கா முப்பத்தைந்து படத்தோடு நிறுத்தியிருந்தார். றோல் முடியாமல் மூன்று நாள் கணக்குத் தொடங்காது.

"ஒண்டு மிச்சம் இரிக்கி, ராத்தா. நல்ல வெளிச்சம் வரட்டும். அத வீணாக்கேலா."

"என்ட புள்ளட வாழ்க்கய விடவா உன்ட வெளிச்சம்?" ராத்தா போனைப் பறித்தார். "வேணா ராத்தா!" என்று இவர் கையை நீட்ட, அவர் அழுத்திவிட்டார்.

வியாழன் பகல் படங்கள் திறந்தன. உண்மையைச் சொல்லவேண்டும், மிக அழகாக இருந்தன. ரிஸ்னாவின் முகத்தில் பிற்பகல் வெயில் தேனாய் வழிந்தது. முப்பத்தாறாவதில் காக்கா வாயைப் பிளந்துகொண்டு பாய்ந்து வந்தார். எல்லாவற்றின் மூலையிலும் செம்மஞ்சள் இலக்கத்தில் ஒரு திகதி. வருடம் தொண்ணூற்றெட்டு. மணமகள் பிறப்பதற்கு நான்கு வருடம் முன்பு.

"அந்தக் காலத்துக் கலர் வரணுமெண்டா அந்தக் காலத்துத் திகதியும் வைக்கணும்தானே" என்றார் காக்கா, குரல் இறங்கி.

"மூலைய வெட்டிருவம்" என்றார் மாப்பிள்ளை. நான் தடுத்தேன். பிழையான ஆவணத்தை விளக்கலாம். வெட்டிய ஆவணத்தை எவராலும் விளக்க முடியாது. கல்யாணக் கோலம் கலைந்து நாலு நாள், மறுபடி எடுக்கவும் முடியாது. வழி ஒன்றுதான்: எடுத்தவர் சத்தியம் செய்து கையெழுத்திடும் சத்தியக்கடதாசி. அதற்குச் சான்று போடும் சமாதான நீதவான் நான். முத்திரை என் வீட்டிலேயே இருந்தது.

'மேற்படி படங்களில் காணப்படும் வருடம் பொய்யானது' என்று எழுதினேன். காக்கா பேனாவைக் கீழே வைத்தார்.

"பொய் எண்டு போடாதீங்க, சேர். என்ட படத்துல பொய் இல்ல."

வேனுக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது. ரிஸ்னா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, படமெல்லாம் நல்ல வடிவு. அங்க போய் என்ட ரூமுல மாட்டத்தான் போறன். ஆனா அந்த ரூமுக்கு நான் போகவும் வேணுமே."

காக்கா அவளைப் பார்த்தார். பிறகு, பொய் என்ற அந்தச் சொல்லுக்கு நேர் கீழே, தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார்.

ஏழு மாதத்தில் விசா வந்தது. ரிஸ்னா இப்போது பனி கொட்டும் ஊரிலிருந்து படம் அனுப்புகிறாள். "மிச்சம் தெளிவு" என்று காக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

அந்தச் சத்தியக்கடதாசியின் பிரதி என்னிடம் இருக்கிறது. கையெழுத்திட்டவர் 'எனக்குத் தனிப்பட்ட முறையில் அறிமுகமானவர்' என்று நீதவான் எழுதவேண்டும். அது நடைமுறை. முகம் பாராமலே எத்தனையோ பேருக்கு அந்த வரியை எழுதியிருக்கிறேன். அன்று மட்டும், மெதுவாக, நல்ல கையெழுத்தில் எழுதினேன்.