ஒரு பெட்டி வெடிக்கு ஒரு வேளை விருந்து

நேத்து சாயங்காலம் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மச்சானைப் பரோட்டாக் கடைக்குக் கூட்டிட்டுப் போயி சாப்பிட வச்சுக் கூட்டிட்டு வரணும்.

மச்சான்னா என் பொண்டாட்டி செல்வியோட அண்ணன். சொந்த ஊரு ஆமத்தூர், பிழைப்பு திருப்பூர் பனியன் கம்பெனி. வீட்டுக்குள்ள நுழைஞ்சவரு பையைக்கூடக் கீழ வைக்கல.

"மாப்ள, நம்மூரு எண்ணெய் பரோட்டா சாப்பிட்டு எம்புட்டு நாளாச்சு. இன்னைக்கு உங்க செலவுதான?"

விருதுநகர்ல இருந்துக்கிட்டு 'வீட்லயே தோசை ஊத்திக்கிடலாம் மச்சான்'னு சொன்னா அடுத்த மூணு தலைமுறைக்கு அந்த வீட்ல பொண்ணு எடுக்க முடியாது. அதுக்காக மாசக் கடைசியில காடை, சுக்கா, ஈரல்னு இறங்கவும் முடியாது. மச்சான் எப்படிச் சாப்பிடுவாருன்னு என் கல்யாணப் பந்தியிலயே பாத்தவன் நான். பரிமாறுனவரு பாவம், நடுவுல போயி உக்காந்துட்டாரு.

ஆனா எங்கிட்ட ஒரு திட்டம் இருந்துச்சு. அந்தத் திட்டத்தை நினைச்சு எனக்கே என் மேல மரியாதை வந்துச்சு.

நான் சிவகாசியில வெடிப் பெட்டி அச்சடிக்கிற பிரஸ்ல வேலை பாக்கேன். வழக்கமாப் போற பரோட்டாக் கடை அண்ணாச்சிக்கு மகளோட தலைதீபாவளி வருது. "மாப்பிள்ளைக்குக் குடுக்கணும்லா, நல்ல கிஃப்ட் பாக்ஸா ஒண்ணு கொண்டாங்க. நீங்க குடும்பத்தோட வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போங்க. கணக்கு சரியாப் போயிரும்"னு ஒரு வாரமாச் சொல்லிட்டே இருந்தாரு.

எங்கிட்ட பெட்டி இருந்துச்சு. வெடிக் கம்பெனியில அன்பளிப்பாக் குடுத்தது. மயில் படம் போட்டது, பீரோ மேல இருந்துச்சு.

அதே பீரோ மேல இன்னொரு மயில் பெட்டியும் இருந்துச்சு. அது டம்மி. புதுசா பெட்டி அச்சடிச்சா கம்பெனிக்கு முதல்ல ஒரு மாதிரி காட்டணும். உள்ள வெடி இருக்காது. கனம் தெரியணும்னு போன வருசத்துத் தினசரி காலண்டர் தாளைக் கத்தை கத்தையா அடைச்சு ஒட்டிருவோம். இந்தத் தடவை மயில் தோகையில கொஞ்சம் பச்சையைக் கூட்டிருந்தோம், அம்புட்டுத்தான் வித்தியாசம். அதைக் காலையில வேலைக்குப் போகும்போதே சிவகாசி பக்கத்து விஸ்வநத்தத்துல அந்த வெடிக் கம்பெனி மேனேஜர் டேபிள்ல வச்சுட்டு வந்துட்டேன்.

அரைத் தூக்கத்துல எடுத்துட்டுப் போனேங்கறதை இங்கன சொல்லி வைக்கேன்.

சாயங்காலம் மிச்சமிருந்த பெட்டியத் தூக்கிட்டு நானும் செல்வியும் மச்சானும் கடைக்குப் போனோம். அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்லு. பெட்டிய வாங்கிக் கல்லாப் பக்கத்துல வச்சாரு. "வாங்க, வாங்க, என்ன வேணுமோ கேளுங்க. கூச்சப்படாதீக."

மச்சான்கிட்ட போயி கூச்சப்படாதீகன்னு சொல்லலாமா?

எண்ணெயில பொரிஞ்ச பரோட்டாவப் பிச்சுப் போட்டு, சால்னாவக் குளம் கட்டி, சுக்காவத் தலையில வச்சு மச்சான் ஆரம்பிச்சாரு. நானும் ரெண்டு வாய் வச்சேன். அப்பத்தான் போன் வந்துச்சு. விஸ்வநத்தம் மேனேஜர்.

"என்ன தம்பி, சாம்பிள் பெட்டியப் பிரிச்சா உள்ள புஸ்வாணமும் சங்குசக்கரமுமா இருக்கு?"

பிச்ச பரோட்டாவ இலையிலயே போட்டுட்டேன்.

"எங்க வெடிய எங்களுக்கே சாம்பிள் காட்டுறீக. நாங்க கேட்டது பெட்டி."

"சார், அதை அப்படியே வைங்க, காலையில முத ஆளா வந்து எடுத்துக்கிடுதேன்."

"ஆபீஸ் ரூம்ல வெடி வைக்கலாமா? ரூல் தெரியாதா உங்களுக்கு? மதியமே தண்ணித் தொட்டியில முக்கியாச்சு."

கல்லாவத் திரும்பிப் பாத்தேன். மயில் என்னையே பாத்துச்சு. தோகை நல்ல பச்சை.

"என்ன மாப்ள, விக்குதா? சால்னாவ ஊத்துங்க"ன்னாரு மச்சான். அப்படியே சப்ளையர் பக்கம் திரும்பி, "ஈரல் ஒண்ணு, காடை ரெண்டு."

எனக்கு இப்பப் பெரிய கவலை. பில்லை நினைச்சு பாதி. அண்ணாச்சி இதை அப்படியே புது மாப்பிள்ளை கையில குடுத்தா என்னாகும்னு நினைச்சு மீதி. எந்திரிச்சு கல்லாவுக்குப் போனேன்.

"அண்ணாச்சி, பரோட்டா அடுப்பு பக்கத்துல இருக்கு. வெடிய இங்கன வைக்கப்படாது. நான் வீட்ல பத்திரமா வச்சிருந்து தீபாவளிக்குக் கொண்டாறேன்."

"நல்லவேளை சொன்னீக"ன்னு அண்ணாச்சி பெட்டியத் தூக்குனாரு. எங்கிட்ட குடுக்கல. நேரா வாசலுக்குக் கொண்டு போயி ஒரு நாற்காலியில வச்சாரு. "வந்ததுதான் வந்தோம், உள்ள என்னென்ன இருக்குன்னு பாத்துருவோம்."

"மாப்பிள்ளை பிரிக்க வேண்டிய பெட்டி அண்ணாச்சி."

"அதெல்லாம் திருப்பி ஒட்டிக்கிடலாம். ஒட்டுறதுக்குத்தான் நீங்க இருக்கீகளே."

பிரிச்சாரு. போன வருசம் ஆடி மாசம் மொத்தமா உள்ள இருந்துச்சு.

அண்ணாச்சி ஒரு கத்தைய எடுத்தாரு. புரட்டிப் பாத்தாரு. இன்னொரு கத்தைய எடுத்தாரு. விசயத்தை முழுசாச் சொன்னேன். தண்ணித் தொட்டி வரைக்கும் சொன்னேன்.

அண்ணாச்சி கத்துவாருன்னு பாத்தேன். கத்தல. பக்கத்துல நின்ன செல்விதான் கேட்டா. "ரெண்டையும் ஒரே பீரோ மேல வைக்காதீகன்னு சொன்னேனா இல்லையா?"

சொன்னா.

இதுக்குள்ள மச்சான் கை கழுவாமலே எந்திரிச்சு வந்துட்டாரு. அண்ணாச்சி கையில இருந்த தாளை எட்டிப் பாத்தாரு. "ராசிபலன் போட்டிருக்கே. எனக்கு ரிசபம், என்னன்னு பாருங்க."

அண்ணாச்சி கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் படிச்சாரு. "ரிசபம். விருந்து."

"அப்ப இன்னொரு காடை சொல்லுங்க"ன்னுட்டு மச்சான் இலைக்குத் திரும்பிட்டாரு.

அண்ணாச்சி கண்ணாடிக்கு மேல என்னையப் பாத்தாரு. "மாப்பிள்ளைக்கு வேற பெட்டி தீபாவளிக்கு முந்தி வந்துரணும். இன்னைக்குச் சாப்பிட்டதுக்கு இன்னைக்கே காசு குடுத்துருங்க. ஆமா, நீங்க என்ன ராசி?"

"கன்னி அண்ணாச்சி."

விரலை வச்சுத் தேடுனாரு. தாளைக் கிழிச்சு என் கையிலயே குடுத்துட்டாரு.

கன்னிக்கு 'செலவு'ன்னு போட்டிருந்துச்சு. காலண்டர்தான் பழசு.