எல்வினின் ஓக் அடுக்கு

எந்த வீட்டில் மரம் விழுந்தாலும் முதலில் போய் நிற்பவர் எல்வின் பெல்கி. துக்கம் விசாரிக்க அல்ல, விறகு கேட்க. அமெரிக்காவின் வெர்மான்ட் மலையில் அப்படி ஊருக்கு நாலு பேர் உண்டு. ஆனால் எல்வினுக்கு இருக்கும் வாய் மற்ற மூவருக்கும் இல்லை. எல்ம் மரமா? கோடாலியை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தராது. பிர்ச்சா? தீக்குச்சிக்கு அண்ணன், அவ்வளவுதான். மேப்பிள் பரவாயில்லை, விருந்தாளி வந்தால் போடலாம். விறகு என்றால் ஓக். மற்றதெல்லாம் செடி.

இத்தனை பேசியவர் வீட்டில் போன குளிர்காலம் விறகு பாதியில் தீர்ந்துபோனது. அவர் மனைவி டோரீன் மிச்ச நாளெல்லாம் கோட்டைக் கழற்றாமலே சமைத்தாள். ஏப்ரலில் பனி கரைந்ததும் ஒரே ஒரு முறை சொன்னாள்.

"இன்னொரு வருஷம் நான் கோட்டு போட்டுக்கிட்டு பீன்ஸ் கிண்ட மாட்டேன். அடுத்த மார்ச் ஊர்க்கூட்டத்துக்குள்ள ஒரு நாள் இந்த வீடு ஜில்லுன்னு ஆகட்டும், இந்த அடுப்பு வெளிய, எண்ணெய் ஹீட்டர் உள்ள."

அந்த இரும்பு அடுப்பின் முன்னால் காலை நீட்டி உட்காருவதுதான் எல்வின் வாழ்க்கையில் கண்ட ஒரே சுகம். அன்றே சபதம் போட்டார்: இனி இந்த வீட்டில் எரிவது ஓக் மட்டும்தான், வேறு மரத்தில் ஒரு சுள்ளிகூட உள்ளே வராது.

மே மாதக் காற்றில் சாலையோரம் ஒரு பெரிய ஓக் சாய்ந்தது. எல்வின் கெஞ்சி வாங்கி, அறுத்து, பிளந்து, கொட்டகையில் கூரை முட்ட அடுக்கினார். பக்கத்து வீட்டு லீலண்ட், பெண்டாட்டியை இழந்த ஒண்டிக்கட்டை, வேலியோரம் வந்து நின்று பார்த்தார்.

"ஓக் காய ரெண்டு வருஷம் ஆகும்னு நீதானே ஊருக்கெல்லாம் சொல்லுவே? என் வேலியில ஆஷ் மரம் பூச்சி விழுந்து நின்னபடியே காஞ்சு கிடக்கு. வேணுங்கறத வெட்டிக்கோ."

"பூச்சி தின்ன மிச்சத்தை நான் எரிக்கறதா? ரெண்டு வருஷம்னு சொன்னது மத்தவங்க அடுக்குற ஓக்குக்கு. என் அடுக்குல காத்து தனியா வரும்."

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுமாம். அந்தப் பல்லிக்காவது முதுகு நன்றாக இருந்தது. எல்வின் அக்டோபரில் இடுப்பு பிடித்துக்கொண்டு படுக்கையில் விழுந்தார். லீலண்ட் வீட்டுப் பக்கம் நாள் முழுக்க ரம்பச் சத்தம் கேட்டபோது, பாவம், அந்தப் பூச்சி மரத்தோடு மல்லுக்கட்டுகிறான் என்று படுத்தபடியே இரக்கப்பட்டார்.

எழுந்த பிறகும் சுமை தூக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கொட்டகையிலிருந்து விறகைக் கொண்டுவருவது டோரீன் பொறுப்பு, அடுப்பில் போடுவது எல்வின் உரிமை என்று ஏற்பாடானது. நவம்பரில் முதல் கட்டையை வைத்தார். அது எரியவில்லை, அழுதது. இரண்டு நுனியிலும் நுரை தள்ளி, உஸ்ஸென்று மூன்று நாள் அழுதது. புகைபோக்கியில் கோளாறு என்றார் எல்வின். டோரீன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

நாலாம் நாள் அடுப்பு தகதகவென்று பிடித்துக்கொண்டது.

"பாத்தியா? ஓக்குக்குக் கொஞ்சம் கூச்ச சுபாவம். பழகினா சரியாயிடும்."

"பழகிடுச்சு போல. அடுப்புச் சூட்டுல மூக்குக்கண்ணாடி கெட்டுடும், கழட்டி வச்சுட்டுப் போடு."

என்ன அக்கறை என்று எல்வின் உருகிப்போனார். அந்தக் கணப்பில் உட்கார்ந்து டோரீன் பச்சைக் கம்பளியில் கையுறை பின்னினாள். யாருக்கு என்று கேட்டதற்கு, தேவைப்படுகிறவர்களுக்கு என்றாள். சனிக்கிழமைதோறும் இரண்டு பானை பீன்ஸ் வேகவைத்து ஒன்றை லீலண்ட் வீட்டுக்கு அனுப்பினாள். ஒண்டிக்கட்டை, சாப்பிட்டுப் போகட்டும் என்று எல்வினும் பெரிய மனசு பண்ணினார். லீலண்ட் வரும்போதெல்லாம் அடுப்பைத் திறந்து காட்டி, இப்படி ஒரு தணல் ஓக்கைத் தவிர எது தரும் என்று கேட்பார். லீலண்ட் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிப்ரவரி இரண்டாம் தேதி விறகில் பாதி, வைக்கோலில் பாதி மிச்சம் இருக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கு. அன்றைக்குக் கொட்டகையை எட்டிப் பார்க்காத வீட்டுக்காரன் கிடையாது. இடுப்பும் சரியாகிவிட, எல்வின் கம்பை ஊன்றிக்கொண்டு போனார். ஓக் அடுக்கு கூரை முட்ட நின்றது. மூன்று மாதம் எரித்தும் மூன்று நாள் கட்டைதான் குறைந்திருந்தது. ஒரு நிமிஷம் இது கடவுள் அற்புதம் என்றே நினைத்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்னால் போய்ப் பார்த்தார். பட்டை உதிர்ந்து, வெளுத்து, எலும்பாகக் காய்ந்த, லீலண்ட் வேலியோரத்து ஆஷ் அடுக்கு. சரியாகப் பாதி மிச்சம்.

முதலில் கோபம் வந்தது. அது கொட்டகை வாசலைக்கூடத் தாண்டவில்லை. ஹீட்டர் வேண்டுமென்றால் டோரீன் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பதுதான். அவள் சும்மா இருக்கவில்லை. குளிரில் ஒவ்வொரு கட்டையாகத் தூக்கி வந்து கொடுத்து, அவருடைய அடுப்பையும் காப்பாற்றி, பீற்றலையும் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள். இப்படி ஒருத்தி கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று வாய்விட்டே சொன்னார், ஓக் அடுக்கிடம்.

அவளிடம் சொல்ல வாய் வராது. செய்து காட்டலாம். அடுத்த குளிருக்கான ஆஷை இந்த முறை தானே, அவளுக்குத் தெரியாமல், கொண்டுவந்து அடுக்கிவிட வேண்டும். மறுநாள் காலை தபாலாபீஸ் போவதாகச் சொல்லிவிட்டு லீலண்ட் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"லீலண்ட், அந்தப் பூச்சி மரம் ஏதாவது மிச்சம் இருந்தா..."

லீலண்ட் உள்ளே போய் ஒரு ஜோடி பச்சைக் கையுறையோடு வந்தார்.

"டோரீன் நவம்பர்லயே குடுத்து வச்சுட்டா. பிப்ரவரி மூணாம் தேதி தபாலாபீஸ் போறேன்னு பொய் சொல்லிட்டு வெறுங்கையோட வருவான், மாட்டி அனுப்புன்னு சொன்னா."